வடக்குச் சன்னல்

1986 நவம்பர் 24, திங்கள்

பெருமதிப்பிற்குரிய லோகாம்பிகை அம்மையார் அவர்களுக்கு, ஏற்காடு மேல்வளவு பங்களாவின் காப்பாளர் மரகதவல்லி பணிவுடன் எழுதிக்கொள்வது.

மாதந்தோறும் முதல் தேதியன்று தங்கள் சென்னை முகவரிக்கு அனுப்பப்பட வேண்டிய இந்நாட்குறிப்பேடு, இம்முறை இருபத்து மூன்று நாள் தாமதமாகப் புறப்படுகிறது. பதினோராண்டுப் பணியில் இதுவே முதல் தாமதம். மன்னித்தருள வேண்டுகிறேன். மழை, தபால், உடல்நலம் என மூன்று காரணங்களை எழுதிப் பார்த்தேன். மூன்றும் பிழையற்ற வாக்கியங்களாக அமைந்தன. மூன்றும் பொய். ஆகவே அவற்றைக் கிழித்துவிட்டு, ஏட்டை உள்ளபடியே அனுப்புகிறேன். தங்கள் பார்வைக்கென்று எழுதுவதைச் சில இடங்களில் மறந்திருக்கிறேன்; அவ்விடங்களையும் அடிக்கவில்லை. அக்டோபர் 17 அன்று நான் எழுதிய கடிதத்தை அருகில் வைத்துக்கொண்டு படிக்குமாறு கோருகிறேன்.

*

அக்டோபர் 8, புதன்

தாங்கள் மூன்று மாதத்திற்குப் புறவீட்டை வாடகைக்கு விட இசைந்த மதுரைக்காரர், திரு. காசிலிங்கம், பிற்பகல் நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார். கடும் பனி. வாயிற்கதவுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சில்வர் ஓக் மரங்களே தெரியவில்லை. அப்பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு மரப்பெட்டி வந்தது. அதன் பின்னால் மிக உயர்ந்த ஓர் உருவம் வந்தது. பகலிலும் கறுப்புக் கண்ணாடி. முகத்தின் இடப்பாதியைக் கழுத்துத்துணி மறைத்திருந்தது. துணி விலகிய இடத்தில் தோல் உருகி மீண்டும் இறுகியது போலிருந்தது.

என் வழக்கப்படி கதவை அரைவாசி திறந்து, பின்னால் நின்றே சாவியை நீட்டினேன். அவர் வணக்கம் கூறிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்த அறையின் சன்னல் வடக்கே பார்க்கிறது? காட்டினேன். பெட்டியைத் தூக்க வந்த மேஸ்திரி உத்தண்டியிடம், அதைத் தானே எடுத்துக்கொள்வதாகக் கூறி மறுத்துவிட்டார்.

மேற்கூரைத் தகரக்குழாயில் சருகு அடைத்திருந்தது, நீக்கப்பட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

மிளகுக் கொடிகளுக்குத் தென்னை நார்க்கயிறு புதிதாகக் கட்டினோம்.

குடியிருப்பவர் நான்கு நாளாக வெளியே வரவில்லை. கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்குத் திரை போட்டுவிட்டார். வடக்குச் சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பில் மணிக்கணக்காக ஒரு பாத்திரம் கொதிக்கிறது. மூடிமேல் கல் வைத்திருக்கிறார். சோற்றின் மணமோ குழம்பின் மணமோ வரவில்லை.

தங்கள் நூலக அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள பழைய மாளிகைப் பேய்க்கதைகள் முப்பத்திரண்டையும் நான் படித்தவள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி விட்டவளுக்கு அவ்வலமாரியே கல்லூரி. அக்கதைகளில் தீயவன் யாரென்று அறியக் கடைசிப் பக்கம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவன் பனியில் வருவான். முகத்தில் வடு இருக்கும். ஓர் அறையைப் பூட்டி வைப்பான். நான் எதையும் முடிவு செய்யவில்லை. நினைவு கூர்ந்தேன், அவ்வளவே.

அக்டோபர் 15, புதன்

கிணற்றடியில் எதிர்ப்பட்டார். கண்ணாடி அணியவில்லை. அவருடைய இடக்கண் இமைக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வெள்ளிதோறும் எல்லா அறைகளையும் காப்பாளரே பெருக்க வேண்டும் என்பது தங்கள் மாமியார் காலத்து விதி. அவ்விதிப்படியே, அவர் கடைவீதிக்குச் சென்றிருந்தபோது, என்னிடமுள்ள மாற்றுச் சாவியால் திறந்து நுழைந்தேன். வேறு நோக்கம் இல்லை.

மேசைமேல் மெழுகு உருண்டைகள் கிடந்தன. அருகே சிவப்பு நூல், இழை இழையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மரப்பெட்டி திறந்திருந்தது. அதன் பஞ்சுக்குழிகளில் கண்கள். கறுத்தவை, பழுப்பு, ஒன்று மட்டும் தேன் நிறம். எண்ணவில்லை. அவை என்னை எண்ணிக்கொண்டிருந்தன.

மெழுகு, சிவப்பு நூல், கண். இம்மலையில் இம்மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் அதற்குச் செய்வினை என்ற ஒரே பெயர்தான் உண்டு. துடைப்பத்தை அங்கேயே விட்டு வந்துவிட்டேன். உடனே தங்களுக்குக் கடிதம் எழுதினேன். "இத்தகைய மனிதரை இவ்வில்லத்தின் எல்லைக்குள் வைத்திருப்பது இதன் பெருமைக்கும் அடுத்துள்ள தொழிலாளர் குடும்பங்களின் நலத்திற்கும் ஒவ்வாது" என்ற வாக்கியம் நன்கு அமைந்ததாக எண்ணி, இருமுறை படித்துப் பார்த்தேன்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்க உத்தண்டியிடம் கொடுத்தபோது, கண்டதைச் சுருக்கமாக அவனிடம் கூறும்படி நேர்ந்தது.

அக்டோபர் 20, திங்கள்

சுருக்கமாகக் கூறியது விரிவாகப் பரவியிருக்கிறது.

காலை பத்து மணிக்குத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து இருபது பேர் வாயிலில் வந்து நின்றார்கள். கையில் வேப்பங்கொத்து. முன்னால் நின்றவள் காப்பி பறிக்கும் செங்காயி. அவளுக்குப் பின்னால் அவள் மகள் பவளம், பத்தொன்பது வயது. ஈராண்டுகளுக்கு முன் காப்பிக் கிளை ஒன்று கைநழுவி அடித்ததில் பவளத்தின் வலக்கண் போயிற்று. அதிலிருந்து அவள் கூந்தலை முகத்தின் அப்பாதியில் சரியவிட்டே நடப்பாள். பெண் கேட்டு வந்த இரு குடும்பங்கள் கூந்தலை விலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயின.

"கண்ணு பறிக்கறவன் இங்க இருக்கறானாம். எம்புள்ளைக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுங்க அம்மா. அதையும் கொண்டு போயிருவான். வெளிய வரச் சொல்லுங்க" என்றாள் செங்காயி. உத்தண்டி அவள் பக்கம் நின்று, பெட்டியைத் தான் தூக்கியிருந்தால் தன் கண்ணும் அதற்குள் போயிருக்கும் என்று கூறிக்கொண்டிருந்தான். அவன் அப்பெட்டியைத் தொட்டதேயில்லை.

அவர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். குரல் உயர்த்தவில்லை. வாயிற்படியில் நின்றபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர், கூந்தல் சரிந்த முகத்தில் பார்வையை நிறுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கீழிமையை ஒரு விரலால் அழுத்தினார். இடக்கண் வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

இருபது பேரும் ஓடினார்கள். வேப்பங்கொத்துகள் பாதையெங்கும் கிடந்தன. நான் ஓடவில்லை; அடுப்பில் பால் வைத்திருந்தது நினைவுக்கு வந்ததால் உள்ளே சென்றேன். சமையலறைச் சன்னல் வழியே பார்த்தபோது, பவளம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். ஓரடி முன்னே வந்தாள்.

"கழட்டுறப்போ வலிக்குங்களா?"

"இல்ல தாயி. செருப்பக் கழட்டுற மாதிரிதான்."

அவள் அவருடைய உள்ளங்கையை நீண்ட நேரம் பார்த்தாள். அதன்பின் தன் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

பால் அடுப்பில் இல்லை. அதைப் பின்னர் கவனித்தேன்.

அக்டோபர் 22, புதன்

புறவீட்டுக்குச் சென்று, வெள்ளியன்று நான் விட்டுவந்த துடைப்பத்தைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். அதனால் நான் உள்ளே வந்தது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதைப்பற்றிப் பேசாமல், நாற்காலியைத் துடைத்து அமரச் சொன்னார்.

இளமையில் அவர் மதுரையில் சினிமா விளம்பரத் தட்டிகள் வரைந்தவர். கொதிக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் நிலை தவறி விழுந்த அன்று முகத்தின் பாதியும் கண்ணும் போயின. மருத்துவமனையில் வைத்துவிட்ட செயற்கைக் கண் வேறு யாருடைய முகத்திலிருந்தோ வந்தது போலிருந்ததாம். தன் கண்ணைத் தானே வரைந்துகொள்வதாகக் கேட்டு வரைந்தார். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அம்மருத்துவமனையிலேயே வேலை செய்து பிறருக்கு வரைந்தார். மெழுகில் குழியின் அளவு எடுப்பது, பிளாஸ்டிக் மாவை அச்சிலிட்டுக் கொதிநீரில் இறுகவைப்பது, சிவப்புப் பட்டிழையைப் பிரித்து வெண்விழியில் நரம்பாகப் பதிப்பது ஆகிய மூன்றையும் செய்து காட்டினார். ஓய்வு பெற்ற பின்னும் மருத்துவமனை கருவிழி வரையும் வேலையைப் பார்சலில் அனுப்புகிறது.

இந்த மலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெயிலு நெறத்த ஏமாத்திப்புடுங்க. மதுரையில காலையில ஒரு கருப்பு, மத்தியானம் ஒரு கருப்பு. இந்தப் பனிக்குள்ள, அதுலயும் வடக்குச் சன்னல்ல, உள்ளது உள்ளபடி தெரியும்."

முப்பத்திரண்டு கதைகளிலும் பனி மறைப்பதற்கே வரும்.

தங்களுக்கு எழுதிக் கேட்கும் முன், இவ்வூரில் மூன்று வீடுகள் அவர் முகத்தைக் கண்டு சாவி தர மறுத்திருக்கின்றன. நாலாவதாக இங்குதான் கதவைத் திறந்தார்களாம். அரைவாசிதான் திறந்தேன் என்று நான் திருத்தவில்லை. தங்களுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அவரிடம் கூற வாய்ப்பு அமையவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பவளத்திற்குக் கண் செய்கிறார். எவரும் கேட்காமலே அவர் ஒப்புக்கொண்டார். எவரும் அழைக்காமலே அவளும் வந்தாள். செங்காயி வாசலில் கைகட்டி நிற்கிறாள், உள்ளே வருவதில்லை.

நிறம் பார்க்கும்போது அவளுடைய நல்ல கண் ஒரே புள்ளியில் நிலைக்க வேண்டும். ஆனால் அவள் கூச்சத்தால் தலை கவிழ்கிறாள். நான் எதிரே அமர்ந்து ஏதேனும் படித்தால் என்னையே பார்ப்பாள் என்று அவர் கேட்டுக்கொண்டார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்று, கோட்டைச் சுவருக்குள் உயிரோடு புதைக்கப்பட்ட சீமாட்டியின் வரலாற்றைப் படித்தேன். பவளம் சிரித்துவிட்டாள். அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீமாட்டி சுவருக்குள் இருக்கும்வரை சிரிக்கக் கூடாது என்று கண்டித்தார். எனக்கும் சிறிது சிரிப்பு வந்தது.

அக்டோபர் 29, புதன்

இரண்டாம் கதை. இதில் ஒரு மாளிகைக் காப்பாளி வருகிறாள். கறுப்பு உடை, மணிக்கட்டு வரை மூடிய கை, பகலில் வெளியே வராதவள், கதவிடுக்கில் நின்று பேசுபவள். அவ்விடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பவளம் குறுக்கிட்டாள்.

"சின்னப்புள்ளையில நாங்க ஒங்களத்தாங்க பேய்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். காப்பி ரோட்டுல வெளயாடுனா, பங்களா வெள்ளக்கை வந்து புடிச்சுக்கும்னு சொல்லித்தான் எங்கம்மா சோறு ஊட்டும்."

அவள் அன்போடுதான் கூறினாள். நான் அடுத்த பத்தியைப் படித்தேன். அக்கதைகளில் வாசகரை முதலில் அச்சுறுத்துபவள் எப்போதும் அக்காப்பாளிதான். இத்தனை முறை படித்தும் அவளை நான் அடையாளம் கண்டதில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இன்று பவளம் வரவில்லை, மழை. நான் சென்றது வெள்ளிக்கிழமை பெருக்குவதற்காக.

புத்தகத்தை மேசையிலிருந்து எடுக்கையில் இரவிக்கையின் நீண்ட கை முழங்கை வரை விலகிவிட்டது. அவர் என் கையைப் பார்த்தார். இழுத்து மூடினேன். மன்னிப்புக் கேட்டார். பிறகு, தொழில்முறையில் ஒன்று கூறலாமா என்று அனுமதி கேட்டார்.

"நான் தேன் நெறம், கருங்காலி நெறம், ஆத்து மணல் நெறம்னு தேடித் தேடிக் கலக்குறவன். ஒங்க ஒரு கையில ஏழு நெறம் இருக்கு. அதுல ரெண்டு இன்னும் எனக்குக் கலக்க வரல."

எவரும் என் கையை நோக்கி எண்ணிச் சொன்னதில்லை. நோக்கியவர்கள் உடனே வேறெங்கோ நோக்குவார்கள். என்ன விடை கூறினேன் என்று நினைவில்லை. அறை பெருக்கப்படவில்லை.

நவம்பர் 1, சனி

ஏடு அனுப்ப வேண்டிய நாள். தபால் பெட்டி நனைந்திருந்தது.

நவம்பர் 6, வியாழன்

தங்கள் கடிதம் கிடைத்தது. என் முன்னறிவைப் பாராட்டியிருக்கிறீர்கள். "உன் எழுத்தை நம்பித்தான் பங்களாவை ஒப்படைத்தேன், இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அவரைக் காலி செய்யச் சொல்" என்று ஆணையிட்டிருக்கிறீர்கள். என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பி எழுதியிருந்தீர்கள். தங்கள் கையெழுத்தில் அது இன்னும் நன்றாக இருந்தது.

கடிதத்தை அரிசிப்பானைக்குள் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

காப்பி முதல் பறிப்பு தொடங்கிற்று. அரிசி அளக்கும்போதெல்லாம் கடிதம் கையில் தட்டுப்படுகிறது.

நவம்பர் 13, வியாழன்

கண் பொருத்தப்பட்டது.

காலையிலிருந்தே நல்ல பனி. அவர் மனநிறைவோடு இருந்தார். பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். பொருத்திய பின் அவர் அவளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டவில்லை. "அம்மாவக் கூப்பிடுங்க" என்றார்.

செங்காயி முதன்முறையாக அறைக்குள் வந்தாள். மகளின் முகத்தை இரு கையாலும் பிடித்து, இப்பக்கம் திருப்பினாள், அப்பக்கம் திருப்பினாள். பிறந்த நாள் முதல் பார்த்த முகம். "எதுங்க சாமி நீங்க வெச்சது?" என்று கேட்டாள். அவர் சன்னல் பக்கம் திரும்பித் தூரிகைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

வெளியே காத்திருந்த உத்தண்டி, அந்தக் கண் கொஞ்சமாவது தெரியுமா என்று விசாரித்தான். தெரியாது என்றதும், "தெரியாட்டி என்னங்க, இருக்கற கண்ணுல நாங்கல்லாம் எத்தப் பாத்துக் கிழிச்சோம்" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு நியாயமான சொல் வந்து நான் கேட்டதில்லை. அவனுடைய சித்தப்பா ஒருவருக்கும் கண் வேண்டுமாம்.

பவளம் கூந்தலை இழுத்துப் பின்னிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் 18, செவ்வாய்

கூறிவிட்டேன்.

அரிசிப்பானையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சென்று அவர்முன் வைத்தேன். அக்டோபர் 17 கடிதத்தின் நகலையும் வைத்தேன். நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். இவ்வொரு முறை அவ்வழக்கம் இல்லாதிருந்திருக்கலாம். அவர் இரண்டையும் ஒற்றைக் கண்ணால் மெதுவாகப் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். கேலி இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை. உத்தண்டியிடம் முதலில் கூறியதும் நானே என்றேன்.

"பெட்டியப் பாத்தா யாருக்கும் அப்பிடித்தான் தோணும். நானும் மொத நாளே ஒங்களப் பத்தி ஒரு முடிவு கட்டிட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னு சாவிய நீட்டுனீங்களா, இந்தம்மா பெரிய கர்வக்காரின்னு நெனச்சேன்."

"அது பிழையன்று" என்றேன்.

"இல்லதான். ஆனா கதவுக்குப் பின்னாடி நின்னது அதுனால இல்ல."

முப்பதாம் தேதிக்குள் பெட்டி கட்டிவிடுவதாகவும் என் வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்றும் கூறினார். மதுரையில் அவருக்குள்ள அறைக்குச் சன்னலே இல்லை என்பதை, நான் வற்புறுத்திக் கேட்ட பின்பே சொன்னார்.

நவம்பர் 21, வெள்ளி

புறவீடு பெருக்கப்பட்டது. மரப்பெட்டி மூடி வாசலருகே இருந்தது. அதை மீண்டும் மேசைமேல் வைத்துத் திறந்துவிட்டு வந்தேன். கண்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எவரோ ஒருவருக்காகக் காத்திருப்பது தெரிந்தது.

*

நவம்பர் 24, திங்கள்

அம்மையாருக்கு,

ஏடு இங்கே முடிகிறது. இனி எழுதுவது தங்களுக்கே.

என் அக்டோபர் 17 கடிதம் தவறு. நடை சரியாக இருந்தது, பொருள் தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் எழுதிய எதையும் திரும்பப் பெற்றதில்லை. எப்படிப் பெறுவது என்றும் தெரியவில்லை. ஆகவே இந்த ஏட்டை முழுதாக அனுப்புகிறேன்.

மற்றொன்றும் கூற வேண்டும். பதினோராண்டுகளுக்கு முன் தாங்கள் என் விண்ணப்பத்தின் கையெழுத்தைக் கண்டு, ஆளைக் காணாமலே இவ்வேலையைத் தந்தீர்கள். அதன்பின் நான்கு முறை இங்கு வந்து தங்கினீர்கள். நான்கு முறையும் எனக்குக் காய்ச்சல் என்று உத்தண்டி கூறியிருப்பான். எனக்குக் காய்ச்சல் இல்லை. என் கைகளிலும் கழுத்திலும் இடக்கன்னத்திலும் தோல் வெளுத்திருக்கிறது. தொற்றுவதன்று, ஆனால் அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயரைக் கேட்டவர்கள், நான் தொட்ட பாத்திரத்தில் நீர் அருந்தியதில்லை. எழுத்தில் என்னைக் கண்டவர் ஒருவரேனும் இருக்கட்டும் என்று எண்ணி, தங்கள் கண்ணில் படாதிருந்தேன். முகத்தைக் கண்டு முடிவு கட்டுவார்கள் என்று அஞ்சி மறைந்திருந்த நானே, கதவைத் தட்டிய முதல் முகத்தைக் கண்டு முடிவு கட்டினேன்.

திரு. காசிலிங்கம் அவர்கள் வாடகைக்காலம் முடியும்வரை, அதன்பிறகு அவர் விரும்பினால் அதற்கு மேலும், வடக்குச் சன்னல் அறையில் இருக்கத் தாங்கள் இசைய வேண்டும். உத்தண்டியின் சித்தப்பாவும் கீழ்த்தோட்டத்துப் பெண்மணி ஒருவரும் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கலக்க வராத இரண்டு நிறங்களைத் தாம் இன்னும் முயல்வதாக அவர் கூறுகிறார். அதற்கு நாள் பிடிக்கும்.

இதைப் படித்தபின் காப்பாளர் வேலைக்கு வேறொருவரைத் தேட எண்ணினால் அதுவும் தங்கள் உரிமை. அவர் இருப்பதையும் நான் இருப்பதையும் தனித்தனியே முடிவு செய்யுமாறு மட்டும் வேண்டுகிறேன்.

டிசம்பரில் தாங்கள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இம்முறை எனக்குக் காய்ச்சல் வராது. வாயிற்கதவை நானே முழுதாகத் திறப்பேன்.

முப்பதாம் தேதிக்கு ஆறு நாளே உள்ளன. பதிலை உடனே எழுதுங்கள்.

மரகதவல்லி